கீமோ எடுப்பவரைப் பார்க்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோவது?

கேள்வி
3 பிப்ரவரி 2024

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, கடந்த திங்கள்கிழமை முதலாவது கீமோ ஏற்றினார்கள். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறையாம். எல்லோருமாகச் சேர்ந்து 3,000 ரூபாய் போட்டிருக்கிறோம். பூங்கொத்து, பழக்கூடை, ஹார்லிக்ஸ் என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு என்ன வாங்கலாம்? வீட்டில் யாரையாவது வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு 9.10

பூங்கொத்தை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கீமோ ஏற்றிய பிறகு, ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். பூச்சாடித் தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் இருக்கும் கிருமியும் பூஞ்சையும் நம்மை ஒன்றும் செய்யாது. அந்த நாட்களில் அவரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும். பல மருத்துவமனைகளில் கீமோ வார்டுக்குள் பூவையே விடமாட்டார்கள். பழக்கூடையும் வேண்டாம்.

வாசனையும் ஒரு தொல்லை. 2018இல் என் அக்காவுக்குக் கீமோ நடந்தபோது விருதுநகரிலிருந்து வந்து சென்னையில் என்னோடு தங்கியிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல இரண்டு முழம் மல்லிகையை வாழை இலையில் சுற்றி எடுத்துவந்தாள். கதவைத் திறந்தது அக்கா. முந்தைய வாரம்தான் தலையில் இருந்த மிச்ச முடியையும் வழித்திருந்தோம். அந்தப் பெண் நீட்டிய கையை முன்னாலும் கொண்டுபோக முடியாமல், பின்னாலும் இழுக்க முடியாமல் அப்படியே நின்றாள். அக்காதான் வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டாள். பத்து நிமிடத்தில் அந்த வாசனையே வயிற்றைப் புரட்டியது. நான் சரத்தை எடுத்துப் போய் மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்பாகத்தான் கொண்டுவந்தாள்.

4 பிப்ரவரி, காலை 7.30

திருத்தம். பழக்கூடை வேண்டாம் என்று எழுதியதற்கு, மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் வாசகர் ஒருவர் என்னைக் கண்டித்திருக்கிறார். அவர் சொல்வது சரி. பழமே கூடாது என்பதில்லை. வாழை, ஆரஞ்சு, சாத்துக்குடி போலத் தோலை உரித்துத் தூர எறியக்கூடிய பழங்களை நன்றாகக் கழுவி உரித்துச் சாப்பிடலாம். திராட்சை, ஸ்ட்ராபெரி போன்றவற்றையும், கடையில் நறுக்கி வைத்த பழத்தையும்தான் அந்த நாட்களில் தவிர்க்கச் சொல்வார்கள். பம்பளிமாஸ் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. அது குடலில் சில மருந்துகள் சிதைவதைத் தடுத்து, உடம்பில் அவற்றின் அளவைக் கூட்டிவிடும்.

ஆனாலும் அந்தக் கூடையை நான் ஏற்கமாட்டேன். பளபளக்கும் தாள் சுற்றி, மேலே நான்கு திராட்சைக் கொத்து வைத்து, அடியில் வைக்கோலோடு வரும். அதைப் பிரித்து, கழுவி, அழுகியதைப் பொறுக்குவது அவர் வீட்டில் ஏற்கெனவே களைத்துப்போன ஒருவரின் வேலை.

4 பிப்ரவரி, இரவு 10.45

இதுவரை எழுதியது முழுக்க 'வேண்டாம்' என்றே போய்விட்டது. நான் சொல்ல வந்தது வேறு. என்ன வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், அவருக்கு இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள்.

கீமோ நடக்கும் வீட்டில் கிழமை கிடையாது. மருந்து ஏற்றிய நாள் முதல் நாள்; எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான். அக்காவுக்கு முதல் நான்கு முறை டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்துகள். பிறகு வாரம் ஒருமுறை பேக்ளிடாக்செல் என்ற மருந்து, பன்னிரண்டு வாரம். அந்த முதல் நான்கு முறையும் ஒரே மாதிரிதான் போயிற்று. முதல் இரண்டு நாள், வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டின் வேகத்தில் நன்றாக இருப்பாள். தூக்கம் வராமல் இரவு ஒரு மணிக்கு அலமாரியை அடுக்குவாள். அன்று பார்க்க வருகிறவர்கள், 'முகம் தெளிவாக இருக்கிறதே, கீமோ ஒன்றும் செய்யவில்லை' என்று மகிழ்ந்து போவார்கள். மூன்றாம் நாள் மாலை அடித்துப் போட்டதுபோல் விழுவாள். ஐந்தாம் நாள் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தாளிக்கும் வாசனைகூட ஆகாது. நான் வாசல் திண்ணையில் ஒற்றை அடுப்பு வைத்துக் குழம்பு தாளித்திருக்கிறேன். ஏழிலிருந்து பதினான்கு வரை உடம்பு எழுந்து உட்காரும், ஆனால் கிருமி பயம். பதினைந்திலிருந்து இருபத்தொன்று வரை அவள் பழைய அக்கா. பசி வரும், சண்டை போடுவாள், சேலை மடிப்பு சரியில்லை என்பாள். பிறகு மறுபடியும் முதல் நாள்.

பொருள் இந்த நாட்களுக்குப் பொருந்தவேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை யாரும் போகவேண்டாம். பதில் எதிர்பார்க்காத ஒரு வரியை அனுப்பினால் போதும். இரண்டாம் வாரம், வாங்கிய பொருளை வாசல் கதவில் மாட்டிவிட்டு வாருங்கள். லேசான சளி இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். மூன்றாம் வாரம் நேரில் போய் உட்காருங்கள், அவர் விரும்பினால் வெளியே அழைத்துப் போங்கள். கடற்கரை, கோயில், புடவைக் கடை என்று எங்கு வேண்டுமானாலும், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து.

எங்களுக்குக் கீழ் வீட்டுக்காரர் கொடுத்தது ஒரு சாதாரண மாதக் காலண்டர். ராகு காலமும் எமகண்டமும் அச்சிட்ட சின்னக் கட்டத்துக்குள் அக்கா சிவப்புப் பேனாவால் 1, 2, 3 என்று எழுதுவாள். 15 வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். ஆணியில் தொங்கிய அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் அந்த ஆறு மாதமும் ஓடியது.

(உங்கள் அலுவலகத்து அக்காவுக்கு இன்று ஏழாம் நாள்.)

5 பிப்ரவரி, பிற்பகல் 2.00

சமைத்துக் கொண்டுபோகலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. ஆனால் பாத்திரத்தை யோசியுங்கள்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கைப்பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் அனுப்பவேண்டும். எங்கள் சமையலறை மேடையில் ஒரு கட்டத்தில் ஒன்பது எவர்சில்வர் பாத்திரங்கள், ஒன்பது பேருடையவை. எது யாருடையது என்று அடியில் வெட்டிய பெயரைப் பார்த்து, கழுவி, ஏதாவது போட்டுத் திருப்பி அனுப்பவேண்டிய கடன். ஐந்தாம் நாள் படுத்த படுக்கையிலிருந்து அக்கா, 'அத்தை டப்பாவைச் சும்மா அனுப்பிவிடாதே' என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே, திருப்பித் தரத் தேவையில்லாத டப்பாவில் கொண்டுபோங்கள், 'இது திரும்ப வேண்டாம்' என்று மேலேயே எழுதி ஒட்டுங்கள். அன்றே சமைத்ததாக, சூடாக, காரம் இல்லாமல், ஒரு வேளைக்கு மட்டும்.

எவர்சில்வர் பற்றி இன்னொன்று. சிலருக்குக் கீமோவில் வாய் முழுக்க உலோகச் சுவை ஊறும். ஆணியைச் சப்புவது போல இருக்கிறது என்பாள் அக்கா. எவர்சில்வர் டம்ளரை உதட்டில் வைத்தாலே முகம் சுளிப்பாள். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு சின்ன மரக்கரண்டி, ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கி வந்தோம். அதன் பிறகு கஞ்சி உள்ளே போனது. மூன்றும் சேர்ந்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

7 பிப்ரவரி, இரவு 8.15

இன்று அவருக்குப் பத்தாம் நாள். இதற்குள் யாரும் கொடுக்கவில்லையென்றால், ஒரு நல்ல டிஜிட்டல் காய்ச்சல்மானியும் மாற்று பேட்டரியும் வாங்கிக் கதவில் மாட்டிவிட்டு வாருங்கள். அழகான பரிசு இல்லைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

கீமோவில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அக்காவுக்கு இரண்டாவது முறை பதினோராம் நாள் நள்ளிரவில் உடம்பு கொதித்தது. எங்களிடம் இருந்தது கோடுகள் தேய்ந்துபோன பழைய பாதரசக் கருவி. டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தே இருபது நிமிடம் போயிற்று. தொலைபேசியில் பேசிய ஒரு மருத்துவர், பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்றார். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும் என்று கீமோ அறைச் செவிலியர் முன்பே எச்சரித்திருந்ததால், நான் கேட்காமல் ஆட்டோ பிடித்தேன். ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

9 பிப்ரவரி, இரவு 11.20

தொப்பி, ஸ்கார்ஃப் பற்றிக் கேட்டவருக்கு.

டாக்ஸோரூபிசின் என்றால் முதல் முறைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கிவிடும். எல்லாக் கீமோவிலும் முடி போவதில்லை; எனவே விசாரித்துவிட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் நைலான் கலந்த தொப்பிகளை அக்காவால் பத்து நிமிடம் போட முடியவில்லை. முடி போன தலைத்தோல் குழந்தையின் தோல் மாதிரி. வியர்த்தால் எரியும், தையல் உறுத்தினால் சிவக்கும்.

காலண்டர் கொடுத்தாரே, அந்தக் கீழ் வீட்டுக்காரரின் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். ஒருநாள் மேலே வந்து அக்காவின் தலையை அளவுநாடா இல்லாமல் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். யாரும் தொடத் தயங்கிய தலை அது. மறுநாள், கணவர் வருடக்கணக்காகக் கட்டித் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போயிருந்த எட்டு முழ வேட்டி ஒன்றை வெட்டி, ஏழு தொப்பிகள் தைத்துக் கொண்டுவந்தார். எலாஸ்டிக் கிடையாது. பின்னால் முடிந்துகொள்ள ஒரு மெல்லிய நாடா. ஒன்றில் மட்டும் வேட்டியின் பச்சைக் கரை நெற்றியோடு ஓடியது. எல்லாவற்றிலும் தையல் வெளிப்பக்கம். 'தையல் மேலே தெரிகிறதே என்று நினைக்காதே அம்மா. உள்ளே இருந்தால் உறுத்தும்' என்றார். கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு சுத்தமான துணிப்பைக்குள் வைத்திருந்தார்.

உங்கள் 3,000 ரூபாயில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். அதில் யாருடைய வீட்டிலாவது இருக்கும் பழைய மல் வேட்டி ஒன்றும், தைக்கத் தெரிந்த ஒரு கையும் சேரட்டும்.

10 பிப்ரவரி, காலை 6.50

'நாங்கள் ஆறு பேரும் அவருக்காக மொட்டை போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம், நெகிழ்ந்துவிடுவார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் அவரைக் கேளுங்கள்.

நானும் அப்படித்தான் கிளம்பினேன். பழனிக்கு நேர்ந்துகொள்கிறேன், திரும்பும்போது உன்னைப்போலவே வருவேன் என்றேன். அக்கா அழுதுவிட்டாள். 'வேண்டாம். நான் பார்க்கிற ஒரு தலையாவது முடியோடு இருக்கட்டும்.' அன்றிலிருந்து தினமும் மாலை என்னைக் கீழே உட்காரவைத்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். பேக்ளிடாக்செல் தொடங்கி விரல் நுனிகள் மரத்துப்போன பிறகும் விடவில்லை. பின்னல் கோணலாக வரும். அதோடுதான் அலுவலகம் போவேன்.

14 பிப்ரவரி, மாலை 5.30

இரண்டு திருத்தங்கள். தனிச்செய்தியில் கேட்ட ஒருவரிடம் இஞ்சி மிட்டாயும் பனிக்கட்டித் தட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டிலும் நான் அவசரப்பட்டேன்.

இஞ்சி குமட்டலுக்கு நல்லதுதான். ஆனால் அவருடைய அப்பாவுக்கு வாயெல்லாம் புண். மிட்டாய் பட்டதும் துடித்துப்போயிருக்கிறார். புண் இருக்கும்போது இஞ்சி, நார்த்தங்காய் ஊறுகாய், எலுமிச்சை எதுவும் ஆகாது. மிக மென்மையான பல்துலக்கி ஒன்று போதும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பனிக்கட்டி அதைவிடப் பெரிய தவறு. சில மருந்துகளை ஏற்றும்போது பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறையும். அதை நினைத்துச் சொன்னேன். அவர் அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கொடுப்பது ஆக்ஸாலிபிளாட்டின். அந்த மருந்தில் குளிர்ச்சியே ஆகாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரல் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்னும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் ஆகும். அந்த வீட்டுக்குக் கம்பளிக் கையுறையும் வெந்நீர் பிளாஸ்க்கும்தான் பொருத்தம். மருந்தின் பெயரைக் கேட்காமல் நான் யோசனை சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

20 பிப்ரவரி, இரவு 9.00

நித்தியகல்யாணி இலைக் கஷாயம் கொண்டுபோகச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். 'அதிலிருந்துதானே கீமோ மருந்தே எடுக்கிறார்கள்' என்பது அவர் வாதம். அவர் சொல்லும் செய்தி உண்மை. இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நம் வாசலில் பூக்கும் அதே செடியிலிருந்து வந்தவை. அதனால்தான் அந்தக் கஷாயத்தைக் கண்டு நான் பயப்படுகிறேன். பல நூறு கிலோ இலையிலிருந்து ஒரு கிராம் தேறுகிற மருந்து. மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு வழியாக மட்டும் ஏற்றுகிறார்கள். வீட்டில் காய்ச்சிய இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருந்தோடு அது என்ன செய்யும்?

முள் சீத்தா இலை, பப்பாளி இலை எல்லாவற்றுக்கும் என் பதில் இதுதான். எங்கள் வீட்டுக்கும் நான்கு வகை வந்தன. கொடுத்தவர் முகத்துக்காக அக்கா வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் என்னைப் பார்ப்பாள். கொட்டவும் மனம் வராது, குடிக்கவும் பயம். அந்தச் சங்கடத்தைக் கொண்டுபோய் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

21 பிப்ரவரி, மதியம் 1.15

கவரில் பணம் வைத்துக் கொடுத்தால் தவறாக நினைப்பார்களா?

கொடுங்கள். கொடுக்கும் விதம்தான் விஷயம். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர் வேண்டாம்; அது கல்யாண வீட்டுக்கு. எங்கள் பெரியம்மா வந்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். தலையணையைத் தட்டிப் போடும்போது கீழே ஒரு கவர் இருந்தது. உள்ளே 2,000 ரூபாய். மேலே பென்சிலால் 'ஆட்டோவுக்கு' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லால் அக்காவால் அதைக் கூச்சமின்றி எடுக்க முடிந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சைச் செலவு போகலாம், ஆட்டோக் கூலி போகாது. வாராவாரம் மருந்து ஏற்றிய காலத்தில் எங்களை உலுக்கியது அந்தச் சில்லறைச் செலவுகள்தான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு உதவி. சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி; துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழோடு முன்பதிவு கவுன்டருக்கு நேரில் போகவேண்டும். இது இருப்பதே எங்களுக்கு மூன்றாவது முறைக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் படிவத்தை வாங்கி, கையெழுத்துக்கு அலைந்து, வரிசையில் நின்று டிக்கெட்டைக் கையில் கொடுத்தது என்னோடு வேலை பார்த்த ஒரு பையன். அவன் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தான்.

2 மார்ச், இரவு 10.00

சின்னச் சின்னதாகச் சில.

டாக்ஸோரூபிசின் இரத்தச் சிவப்பு நிறம். ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். தெரியாமல் ஒரு தம்பி ஆசையாக ரோஸ்மில்க் வாங்கிவந்தான். அக்கா பாட்டிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவப்புப் பானம் எதுவும் வேண்டாம்.

வளையல். மார்பக அறுவையின்போது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். இறுக்கமான வளையல், மோதிரம் ஆகாது. நவராத்திரியில் அத்தை ஒரு டஜன் கண்ணாடி வளையலோடு வந்து இடது கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தார். அக்கா வலது கையை நீட்டி, பன்னிரண்டையும் அதிலேயே போட்டுக்கொண்டாள்.

மதுரை வாசகர் ஒருவர், நோயாளியின் பெயரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்து ரசீதைப் பரிசாகத் தரலாமா என்று கேட்கிறார். நல்ல காரியம், ஆனால் சிகிச்சை நடக்கும்போது வேண்டாம். அக்காவுக்கு ஒரு ரசீது வந்தது. கையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது திதிக்குக் கொடுப்பது மாதிரி இருக்கிறது' என்றாள். முடிந்த பிறகு அவளே கொடுத்தாள், அடையாறுக்கு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை முப்பது ஆண்டுகள் சுமந்து, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். மறுஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதைவிட்டு நகரவில்லை. அக்கா பள்ளி ஆசிரியை. இதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வாள். சொல்லும்போது தங்கை என்ற சொல்லில் குரல் இறங்கும் என்று அவளிடம் படித்த பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

10 மார்ச், காலை 5.40

கூட இருப்பவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கீமோ நாளில் விடியற்காலை டோக்கன் போட்டால் மருந்து ஏறி வெளியே வர மாலை ஆகிவிடும். ரத்தப் பரிசோதனை, முடிவுக்குக் காத்திருப்பு, வெள்ளை அணுக்களின் கவுன்ட் குறைவு என்றால் 'அடுத்த வாரம் வாருங்கள்'. ஏசி அறைக் குளிரில் நோயாளிக்குப் போர்வை உண்டு. துணைக்கு இருப்பவர் இரும்பு நாற்காலியில் விறைத்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் என் தோழி பதினொரு மணிக்கு வந்து, 'எழுந்து போ. மூன்று மணிவரை நான் இருக்கிறேன், நீ எங்கேயாவது தூங்கு' என்றாள். பக்கத்தில் அவளுடைய சித்தி வீட்டில் பாய் விரித்து வைக்கச் சொல்லியிருந்தாள். பாயின் பக்கத்தில் மூடி வைத்த ஒரு செம்புத் தண்ணீர். அந்தச் செம்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அதுவரை அழுதிருக்கவில்லை.

நாளை உங்கள் அக்காவுக்கு மூன்றாவது முறை. அவர் கணவரோ அம்மாவோ துணைக்குப் போவார். உங்களில் ஒருவர் போய் நாற்காலியை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சால்வையும் நீளமான சார்ஜர் ஒயரும் எடுத்துப் போங்கள்.

17 மார்ச், இரவு 9.30

அக்கா இதையெல்லாம் படித்துவிட்டாள். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு ஆகிறது, விருதுநகரில் அதே பள்ளியில் இருக்கிறாள். தொலைபேசியில் நான் எழுதியதற்கு மதிப்பெண் போடுவது போலப் பேசினாள்.

தொப்பி ஏழு அல்ல, ஐந்து. பச்சைக் கரை அல்ல, மயில்கழுத்து நிறம். அதை இன்னும் வைத்திருக்கிறாளாம். திண்ணையில் நான் தாளித்தபோதும் வாசனை உள்ளே வந்தது, சொல்லவில்லை.

பிறகு, 'முக்கியமானதை விட்டுவிட்டாயே' என்றாள். எனக்குப் புரியவில்லை. 'விடைத்தாள்' என்றாள்.

அதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். இரண்டாவது கீமோ முடிந்த சமயம், அவளோடு வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியை ஒருவர் விருதுநகரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்பினார். ஏதோ பலகாரம் என்று பிரித்தேன். ஆறாம் வகுப்புத் தேர்வுத் தாள்கள், நாற்பத்திரண்டு. கூடவே ஒரு சீட்டு: 'டீச்சர், என்னால் தனியாக முடியவில்லை. உங்களுக்கு முடிகிறபோது திருத்தி அனுப்புங்கள். அவசரமில்லை.' எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புற்றுநோயோடு படுத்திருப்பவளுக்கு வேலை அனுப்புகிற மனுஷி எப்படிப்பட்டவள் என்று கத்தினேன். தாள்கட்டை எடுத்துப் பரணில் போட்டேன்.

பதினாறாம் நாள் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்திருக்கிறாள். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காலண்டரில் எழுதும் அதே சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். ஐந்து தாளுக்கு ஒருமுறை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு பையன் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறான் என்று அவனை அங்கிருந்தே திட்டினாள். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை.

'எல்லோரும் எனக்கு ஏதாவது கொடுக்க வந்தார்கள். அவள் ஒருத்திதான் என்னிடம் கேட்டாள்' என்று நேற்று சொன்னாள். ஐந்து ஆண்டுகளாக அந்த ஆசிரியையிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்று காலை அவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

28 மார்ச், இரவு 8.45

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. 3,000 ரூபாயில் கண்ணாடி டம்ளர், மரக்கரண்டி, காய்ச்சல்மானி, ஒரு சால்வை வாங்கினார்களாம். வேட்டி அவருடைய தாத்தாவுடையது. தொப்பி நான்கு வந்தது. மிச்சப் பணம் 'ஆட்டோவுக்கு'.

நேற்று முன்தினம் அந்த அக்காவுக்குப் பதினாறாம் நாள். ஆண்டு முடிவுக் கணக்கில் பழைய பாக்கி ஒன்று எந்தத் தலைப்பில் போகிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாளாகத் தயங்கிவிட்டு, 'அவசரமில்லை அக்கா, முடிகிறபோது சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார். இருபது நிமிடத்தில் பதில் வந்ததாம். கையால் எழுதிப் படம் பிடித்த மூன்று பக்கம். கடைசியில், 2021ஆம் ஆண்டுக் கோப்பு கீழ் அலமாரியில் நீல அட்டையில் இருக்கிறது, எடுத்தவர்கள் திரும்ப அதே இடத்தில் வைக்கவும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்ததாம்.